மந்தையோடு போன மலை

ஆக்னஸ் கஸ்கார்த் தன் ஆட்டு மந்தையை விற்ற வருஷம், அந்த ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த கிரிம்ஃபெல் மலையும் அவற்றின் பின்னாலேயே நடந்து போய், பத்துப் பன்னிரண்டு மைல் தள்ளி, கடலோரச் சமவெளியில், ஆடு வாங்கினவருடைய ஓட்ஸ் வயலுக்கும் கடலுக்கும் நடுவில் நின்றுகொண்டது. அது அக்டோபர் மாதம். அந்த வருஷம் வைக்கோல் விலை ஏறியிருந்தது, உருளைக்கிழங்கில் கறுப்பு நோய் விழுந்திருந்தது. மலை போன வழியில் இரண்டு பாலங்கள் இருந்தன. ஒன்று நொறுங்கியது. அது முன்னமே விரிசல் விட்ட பாலம்தான் என்று சாலைக் கமிட்டிக்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

எங்கள் கம்பர்லாந்துப் பக்கத்தில் மலை ஆட்டை மலையிலிருந்து பிரித்து யாரும் விற்பதில்லை. பண்ணை கைமாறினால் மந்தையும் அதோடு கைமாறும், அவ்வளவுதான். மலையில் வேலி கிடையாது. இந்தப் பாறை வரைக்கும் நம் இடம், அந்த ஓடைக்கு அப்பால் அடுத்த மந்தையின் இடம் என்று தாய் ஆடு குட்டிக்குக் காட்டிக் கொடுக்கும். குட்டி வளர்ந்து அதன் குட்டிக்குக் காட்டும். அப்படிப் பழகின ஆட்டை எங்கே கொண்டுபோய் விட்டாலும் ஆறு நீந்தியாவது திரும்பி வந்துவிடும். அதனால் அதை விற்கிறவனைக் கிறுக்கன் என்பார்கள், வாங்குகிறவனை அதைவிடப் பெரிய கிறுக்கன் என்பார்கள். ஆக்னஸுக்கு அது தெரியாமலில்லை. ஆனால் அதற்கு இரண்டு வருஷம் முன்னால், பிப்ரவரிப் பனியில், புதைந்துபோன ஆடுகளைத் தோண்டியெடுக்க மலைக்குப் போன அவள் வீட்டுக்காரர் மைல்ஸ் திரும்பி வரவில்லை. நாய் மட்டும் வந்தது. பள்ளத்தாக்கு ஆட்கள் எல்லோரும் நீளக் கழிகளை வைத்துக்கொண்டு பனி உருகும் வரைக்கும் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஓர் ஆடு விடாமல் கிடைத்தது, மைல்ஸ் கிடைக்கவில்லை. அன்றையிலிருந்து ஆக்னஸ் சமையலறை நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டாள். மலையைப் பார்க்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, மலையில் தனக்கு ஒரு வேலையும் இருக்கக் கூடாது. அதற்குத்தான் மந்தையை விற்றாள்.

வாங்கினவர் ஆல்டர்பி ஊரைச் சேர்ந்த ஐசக் ஸ்டாம்பர். சமவெளிக்காரர், ஓட்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிறவர், ஆட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் தட்டில் வந்த பிறகு தெரிந்ததுதான். சந்தையில் ஆக்னஸ் எதையும் மறைக்கவில்லை, அதற்குச் சாட்சி உண்டு.

"இதுங்க நிக்காது, மிஸ்டர் ஸ்டாம்பர். ஓடி வந்துடும். அப்புறம் என்னை வந்து திட்டக் கூடாது."

"என் வேலியைப் பார்த்திருக்கீங்களா, மிஸஸ் கஸ்கார்த்? முள்ளுச் செடி, எங்க தாத்தா காலத்து வேலி. என் மாமியார்கூட அதுல நுழைய முடியாது. நானும் கதவைச் சாத்திவச்சுப் பார்த்துட்டேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேரும் உள்ளங்கையில் துப்பிக் கையடித்துக்கொண்டார்கள். வழக்கப்படி ஆக்னஸ் ஒரு வெள்ளிக் காசை ராசிக்கென்று திருப்பிக் கொடுத்தாள். காகிதம் ஒன்றும் எழுதவில்லை. கையடித்தால் எங்களுக்கு அதுவே போதும். ஆடு மலையோடு கட்டுப்பட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும், வேலி போட்டால் அந்தக் கட்டு அறுந்துவிடும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். கட்டு மறுபக்கத்திலும் முடிச்சுப் போட்டிருக்கிறது, மலையும் ஆட்டோடு கட்டுப்பட்டது என்று அவர்களுக்கு மட்டுமல்ல, சந்தையில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எந்த மந்தையும் அதுவரை முழுதாக மலையை விட்டுப் போனதில்லையே, எப்படித் தெரியும்.

மலை மெதுவாகத்தான் போனது. ஆடு நின்று மேய்ந்தால் அதுவும் நிற்கும், ஆடு நகர்ந்தால் அதுவும் நகரும். கனமான மூட்டையைத் தரையில் விடாமல் தூக்கிப் போகிறவன் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். முதுகின் மேல் போட்டிருந்த கற்சுவர்கள் சட்டைத் தையல் மாதிரி கூடவே போயின. அங்கங்கே சரிந்ததைக் கூலிக்காரர்கள் பின்னாலேயே போய் எடுத்து அடுக்கினார்கள், அதற்குத் தனிக் கூலி கேட்டு வாங்கினார்கள். மலை இருந்த இடத்தில் ஈரமான வெள்ளைத் தரை கிடந்தது, ரொம்ப நாள் கட்டுப் போட்டிருந்து அவிழ்த்த கால் மாதிரி. மறுநாள் ஆக்னஸ் வீட்டுச் சமையலறைக்குள், அந்த வீடு கட்டின நாளிலிருந்து வராத காலை வெயில் வந்தது. அலமாரியில் வைத்திருந்த வெண்ணெய் உருகி ஓடியது. கூரைப் பாசி காய்ந்து உதிர்ந்தது. ஓடை வற்றியது. எங்கே திரும்புவதென்று தெரியாத காற்று பள்ளத்தாக்கில் நேராக ஓடி, நேராகவே வெளியே போனது. கோழிகள் அடைய மாட்டேன் என்று முற்றத்தில் சுற்றிக்கொண்டே இருந்தன.

ஆக்னஸும் அப்படித்தான் சுற்றினாள். நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினாள், மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாள், பிறகு வெளியே தூக்கிப் போட்டாள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்து, குடிக்காமலேயே ஊற்றினாள். மலை இருக்கும்போது அவள் அதைப் பார்க்காமல் இருந்தாள். இப்போது பார்க்க அது இல்லை. மைல்ஸ் அதற்குள்ளே எங்கேயோ, பாறையிடுக்கிலோ கரிமண் சேற்றிலோ படுத்திருக்கிறார். அவரையும் சேர்த்து வேற்றூர்க்காரர் யாரோ ஒருவருடைய வயலோரத்துக்கு அனுப்பிவிட்டோம் என்பது அவளுக்கு உறைக்க ஒரு வாரம் பிடித்தது. உறைத்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு ஆல்டர்பிக்கு நடந்தாள்.

ஸ்டாம்பர் வாசலில் நின்று பைப் பிடித்துக்கொண்டிருந்தார். புகை நேராக மேலே போனது. அதைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊரில் கடற்காற்றுக்குப் புகை நேராகப் போய் யாரும் கண்டதில்லை.

"ஆட்டைத் திருப்பிக் குடுங்க. உங்க பணத்தை எண்ணிக் குடுத்துடறேன்."

"ஏன் குடுக்கணும்? ஓடிப் போகும்னீங்க, ஒண்ணுகூட ஓடலை. கொழுகொழுன்னு இருக்கு."

"மலை என்னுது."

"இருக்கட்டுமே. நான் என்ன கயிறு போட்டா கட்டியிருக்கேன்? கூப்பிட்டுக்கிட்டுப் போங்க, நான் குறுக்க நிக்கலை." பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். "இங்க பாருங்கம்மா. பொண்டாட்டிக்கு இருபது வருஷமா இருமல், இந்த வாரம் இல்லை. ஆப்பிள் மரம் வச்சா உப்புக் காத்து கருக்கிடும், இனி கருக்காது. நான் இந்த மலையைக் கேட்டு வாங்கலை. ஆனா வந்ததைப் போன்னு சொல்ற அளவுக்கு நான் நல்லவன் இல்லை."

ஆக்னஸ் மலையை நேராகப் பார்த்து இரண்டு மூன்று தடவை கூப்பிட்டாள். ஆடுகள் தலை தூக்கி வேலி வரைக்கும் ஓடி வந்தன. வேலி நிஜமாகவே நல்ல வேலி. மலை ஓரடி முன்னால் வந்து, ஆடுகள் நின்றதும் நின்றது. அதோடு விஷயம் கோர்ட்டுக்குப் போனது.

கவுண்டி கோர்ட்டில் அந்த வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக மூன்று வருஷம் இழுத்தது. ஆக்னஸின் வக்கீல் லௌதியன் நல்ல மனுஷர், வாதாடும்போது தொண்டை கட்டிவிடும். இரண்டு பேருமே அடிப்படையான ஒரு விஷயத்தைத் தவறாக நினைத்துக் கையடித்தார்கள், ஆகவே இந்த ஒப்பந்தமே செல்லாது என்பது அவர் வாதம். ஸ்டாம்பரின் வக்கீல் எழுந்து, ஒப்பந்தம் ஆட்டுக்கு, ஆடு ஒப்படைத்தாயிற்று, மலை இதில் எங்கே வருகிறது, பேசாத ஒன்றைத் தப்பாகப் பேசினார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார். ஜட்ஜு பொறுமைசாலி. முதலில் நஷ்ட ஈட்டைப் பற்றி யோசித்தார். மதிப்புப் போட இரண்டு பேரை அனுப்பினார்கள். அவர்கள் மலையின் பாறை, புல், கரிமண், தண்ணீர் எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கொண்டுவந்தார்கள். ஆக்னஸ் சாட்சிக் கூண்டிலேயே நிற்க முடியாமல் இந்தக் கம்பிக்கும் அந்தக் கம்பிக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நில்லுங்கம்மா" என்றார் ஜட்ஜு. "இந்தத் தொகை குறைச்சல்னு நினைக்கிறீங்களா?"

"தொகை வேணாங்கய்யா. மலைதான் வேணும்."

"அந்த மலையை நீங்க பார்க்கிறதே இல்லை, பிடிக்காமத்தான் ஆட்டை வித்தீங்கன்னு உங்க ஊர்க்காரங்களே சொல்றாங்க."

"என் வீட்டுக்காரர் அதுக்குள்ள இருக்கார்."

கோர்ட்டில் இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமலை நிறுத்தினார்கள். ஜட்ஜு ஸ்டாம்பரைப் பார்த்தார். "நீங்க கையடிக்கிறப்போ இந்த அம்மாவோட புருஷனையும் சேர்த்து வாங்கறதா நினைச்சீங்களா?"

"ஐயையோ, இல்லீங்கய்யா." ஸ்டாம்பர் தொப்பியைக் கசக்கினார். "எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லலை."

தவறு நடந்திருக்கிறது, இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது என்று ஜட்ஜு அன்றைக்கே முடிவுக்கு வந்துவிட்டார். தவறு என்று தெரிந்துகொள்வது சுலபம். அதற்கு வழி என்ன என்பதில்தான் மீதிக் காலமெல்லாம் போனது. ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்றால், எல்லாவற்றையும் முன்பிருந்த நிலையில் திருப்பி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதற்குள் மூன்று தடவை குட்டி ஈன்றாயிற்று. கிழட்டு ஆடுகள் சில செத்துப்போயின. சிலவற்றை ஸ்டாம்பர் மகள் கல்யாணத்தில் உருளைக்கிழங்கோடு பானையில் போட்டு ஊரே தின்றது. அதில் லௌதியனும் ஒரு தட்டு தின்றார் என்று எதிர்க்கட்சி வக்கீல் எழுந்து சொன்னார், லௌதியன் மறுக்கவில்லை. சமவெளியில் பிறந்த குட்டிகள் பள்ளத்தாக்கைக் கண்டதே கிடையாது. போதாததற்குத் துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல்காரர் வந்து, இப்போது எல்லோரும் அந்த மலையை அடையாளம் வைத்துத்தான் கரை சேருகிறோம், எங்களைக் கேட்காமல் அதை எடுக்கக் கூடாது என்று மனுப் போட்டார். சரி, மலையைத் திரும்பிப் போகும்படி நேரடியாக உத்தரவிடுங்கள் என்று லௌதியன் கேட்டுப் பார்த்தார். ஜட்ஜுக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஒரு தடவை செய்து பார்த்தார். கோர்ட்டு அமீனா உத்தரவை எடுத்துக்கொண்டு கிரிம்ஃபெல் உச்சிக்கு ஏறி, தொப்பியைக் கழற்றி, சத்தமாக வாசித்தார். மலை அசையவில்லை. எதிர்க்கட்சி வக்கீலுக்கு அது சந்தோஷம். மலை இந்த ஒப்பந்தத்தில் ஒரு கட்சி அல்ல, கட்சி அல்லாதவரை ஒப்பந்தம் கட்டுப்படுத்தாது, மலைக்குச் சட்டம் தெரிந்திருக்கிறது என்றார்.

கடைசியில் வழி ஆக்னஸ் வாயிலிருந்தே வந்தது, அவள் வழி சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் மந்தையை என்ன செய்வீர்கள் என்று ஜட்ஜு ஏதோ கேட்கப்போக, பெரிய ஆடு மலையிலேயே இருக்கும், போன வருஷத்துக் குட்டிகளை மட்டும் நவம்பரில் சமவெளிப் பண்ணைகளுக்கு அனுப்பி ஏப்ரலில் கூட்டிக்கொள்வோம், எல்லோரும் அப்படித்தான் என்றாள். ஜட்ஜு பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து எழுதினார். ஒப்பந்தத்தை முழுக்க ரத்து செய்யவும் முடியாது, அப்படியே நிறைவேற்றவும் நியாயமில்லை. ஆகவே மந்தை இரண்டு பேருக்கும் பொது. குட்டி போட்டதும் ஏப்ரலிலிருந்து அக்டோபர் முடிய ஆக்னஸின் பள்ளத்தாக்கான கிரிம்டேலில், நவம்பரிலிருந்து ஆல்டர்பியில். மலை தன் இஷ்டப்படி நடந்துகொள்ளலாம். கப்பல்காரருக்குக் குளிர்காலத்தில் மட்டும் அடையாளம் கிடைக்கும், புயல் வருவதும் அப்போதுதானே என்று அவர் மனுவையும் அதிலேயே முடித்தார். ஸ்டாம்பருக்கு ஆப்பிள் பூக்கிற நேரத்தில் மலை போய்விடுமே என்று வருத்தம். வேலியை வேண்டுமானால் உயர்த்திக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டு சொன்னது.

அடுத்த ஏப்ரலில் ஆக்னஸ் மந்தையைக் கூட்டிப் போக வந்தாள். ஸ்டாம்பர் தானே வேலிக் கதவைத் திறந்துவிட்டார். அவள் வழக்கமான குரலில் கூப்பிட்டாள். அவளை அறிந்த கிழட்டு ஆடுகள் முதலில் வந்தன, அறியாத குட்டிகள் அவற்றின் பின்னால் வந்தன, அவற்றின் பின்னால் மலை கிளம்பியது. அவள் முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கல் உரசுகிற சத்தமும், ஓடைத் தண்ணீர் தளும்புகிற சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதி வழியில், ஹோம் கிராமத்துச் சர்ச்சுக்கும் ஆற்றுக்கும் நடுவில் வழி குறுகுகிற இடத்தில், மலை பக்கவாட்டில் ஒடுங்கித்தான் வர வேண்டியிருந்தது. போகும்போது அது ஆற்றை ஒட்டி இடதுபுறமாக ஒடுங்கியிருந்தது. இப்போது சர்ச்சுப் பக்கம் ஒடுங்கியது. கரிமண் ஒரு பாளமாகச் சரிந்து சாலையில் விழுந்தது. நாய் நின்றது. பிறகு ஓடிப் போய் அந்த மண் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

அந்த மண்ணுக்குள் மைல்ஸ் அப்படியே இருந்தார். கரிமண் யாரையும் அழுக விடுவதில்லை. தோல் மட்டும் தேநீர் நிறமாகியிருந்தது, கையில் மண்வெட்டி இருந்தது, ஒரு பூட்ஸின் வார் அவிழ்ந்திருந்தது. ஆக்னஸ் சாலையிலேயே உட்கார்ந்து அந்த வாரைக் கட்டிவிட்டாள். ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன், கட்டிட்டுப் போங்கன்னு, என்று அவள் திட்டியதை அங்கே இருந்தவர்கள் கேட்டார்கள். ஹோம் சர்ச்சிலேயே அவரைப் புதைத்தார்கள். அடக்கம் முடிகிற வரைக்கும் ஆடுகள் கல்லறைகளுக்கு நடுவில் மேய்ந்துகொண்டிருந்தன, மலை சுவருக்கு வெளியே காத்திருந்தது. அதன் நிழலில் பாதிரியாருக்கு ஜெபப் புத்தகத்து எழுத்துக் கண்ணுக்குத் தெரியாமல் விளக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு எல்லோரும் கிரிம்டேலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலை தன் பழைய பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டது, கொஞ்சம் வலதுபுறம் தள்ளி. ஓடையில் தண்ணீர் வந்தது. கோழிகள் அடைந்தன.

இனி அந்த அம்மா மலையை விட்டுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். புருஷனுக்காகத்தானே மலையைக் கேட்டாள், புருஷன் கிடைத்தாயிற்று. ஸ்டாம்பரின் வக்கீல், கோரிக்கையின் காரணமே தீர்ந்துவிட்டதால் தீர்ப்பை மாற்ற வேண்டும் என்று ஒரு மனுவைத் தயார் செய்துவைத்தார். நவம்பரில் ஆக்னஸ் மந்தையை ஓட்டிக்கொண்டு ஆல்டர்பிக்கு வந்தபோது, ஸ்டாம்பர் கதவருகே நின்று, பைப்பை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

"மிஸஸ் கஸ்கார்த், தப்பா நினைக்கக் கூடாது. ஏப்ரல்ல மறுபடி வருவீங்களா?"

"வராம?"

"இல்லை, அவருக்காகத்தானே கேஸ் போட்டீங்க. அவருதான் இப்ப ஹோம்ல இருக்காரே."

ஆக்னஸ் கைக்கழியை ஊன்றிக்கொண்டு, கடலோரத்தில் மலை மெல்ல மெல்ல உட்காருவதைப் பார்த்தாள். இடுப்பு வலிக்காரர் உட்காருகிற மாதிரி, பாதி உட்கார்ந்து நின்று, மறுபடி இடம் பார்த்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்து முடிகிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "அதுவும் தப்பு."

ஸ்டாம்பர் பைப்பைச் சட்டைப்பைக்குள் போட்டார். பிறகு உள்ளே வந்து சூடாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். மனு வக்கீலின் பெட்டியிலேயே கிடந்தது.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஏப்ரலில் ஒரு நாள், நவம்பரில் ஒரு நாள். நொறுங்கின பாலத்தை அகலமாகக் கட்டினார்கள். ஆல்டர்பியில் ஆப்பிள் காய்க்கிறது, கோடைக் காற்று கொஞ்சம் கருக்கினாலும். ஆக்னஸ் வெளியே தூக்கிப் போட்ட நாற்காலி மறுபடி உள்ளே வந்து ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. கோடையில் அதில் உட்கார்ந்தால் மலை தெரியும், குளிர்காலத்தில் மலை போன இடம் தெரியும், அவள் இரண்டையும் பார்க்கிறாள். அவள் முழங்கால் விட்டுப்போன பிறகு ஸ்டாம்பர் தன் உருளைக்கிழங்கு வண்டியில் அவளை உட்காரவைத்து முன்னால் ஓட்டிப் போகிறார். குதிரையை விரட்டாதே, மெதுவாக விடு, ஆடு மூச்சு வாங்குகிறது என்று வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே போகிறாள். ஹோம் சர்ச்சு வாசலில் வண்டி சற்று நிற்கும். அதற்கப்புறம் ரயில் பாதை. அங்கே கேட்டுக்காரர் வண்டியை விட்டு, ஆடுகளை விட்டு, மலை கடந்து முடிகிற வரைக்கும் எதிரே வருகிறவர்களுக்குச் சாலைக் கதவைச் சாத்திவைப்பார். இந்தப் பக்கம் நிற்கிற பால் வண்டிக்காரர்கள் கீழே இறங்கிப் புகை பிடிப்பார்கள். அந்த இரண்டு நாளும் ஊரில் பால் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.